சீசன் தொடங்க முன் மென்பொருளை முடிப்பது எப்படி: கால அட்டவணை போடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறு குழுக்களுக்கு வரும் வேலைகளில் பல, சீசனோடு கட்டுண்டவை. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். செப்டெம்பரோடு வரத்துக் குறைந்துவிடும். அறை முன்பதிவு மென்பொருளை ஜூன் மாதம் கையில் கொடுத்தால் அந்த வருடத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. முடிவுத் திகதியைத் தள்ளிப்போட இடமில்லாத இப்படிப்பட்ட வேலைக்கு எப்படி நாள் குறிப்பது, எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

உதாரணம் இதுதான். உப்புவெளியில் ஒரு விடுதி. அதற்கு ஒரு முன்பதிவு இணையதளமும் ஓர் அன்ட்ரொய்ட் செயலியும் வேண்டும். நாலு பேர் கொண்ட குழு: பின்தளம் (தரவைச் சேமித்துக் கையாளும், பயனரின் கண்ணுக்குத் தெரியாத பகுதி) எழுதுபவர் ஒருவர், திரைகளை எழுதுபவர் ஒருவர், வடிவமைப்பும் டெஸ்டிங்கும் செய்பவர் ஒருவர், வாடிக்கையாளரோடு பேசி வேலையை ஒருங்கிணைப்பவர் ஒருவர். மார்ச் 31க்குள் எல்லாம் ஓட வேண்டும்.

கருவியைத் திறக்க முன்

புதியவர்கள் முதல் நாளே, வேலைகளை அட்டைகளாக எழுதிவைக்கும் கருவிகளான ஜிராவையோ ட்ரெல்லோவையோ திறந்து அட்டைகளை நிரப்பத் தொடங்குகிறார்கள். அட்டைகள் நிறைந்துவிடும். ஆனால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. கால அட்டவணையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்குக் கடதாசியும் பேனையும் போதும். குழு முழுவதும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

வேலைகளைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றும் அரை நாளுக்கும் மூன்று நாளுக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். “முன்பதிவுப் பகுதி, 12 நாள்” என்று எழுதினால் ஒன்பதாம் நாள் வரை அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை உடையுங்கள்: அறைகளின் நாட்காட்டி, சீசன் கட்டணமும் சீசன் அல்லாத காலத்துக் கட்டணமும், முன்பதிவை ரத்துச் செய்தல், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல், ஒரே அறையை ஒரே இரவுக்கு இரண்டு பேர் பதியாமல் தடுத்தல். கடைசியாகச் சொன்னது பட்டியலில் அடிக்கடி விடுபடுவது. விடுபட்டால் சீசனின் முதல் சனிக்கிழமையே சண்டையில் முடியும்.

ஒவ்வொரு வேலையோடும் அது முடிந்ததற்கான அடையாளத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். “ரத்துச் செய்தல்” என்று மட்டும் எழுதினால் போதாது. “விருந்தினர் ரத்துச் செய்ததும் அந்த இரவு நாட்காட்டியில் மீண்டும் காலியாகத் தெரிகிறது, உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகிறது” என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை.

மூன்று மொழிகளிலும் திரைகள் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு தனி வேலை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்துக்கு அளவாகச் செய்த பொத்தான்கள் தமிழிலும் சிங்களத்திலும் உடையும். அதைத் திருத்தும் நாளையும் சேர்த்தே எழுதுங்கள்.

காத்திருப்புகளின் பட்டியல்

இனி ஒரு தனித் தாள் எடுத்து, குழுவின் கையில் இல்லாத எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரும் கோட் எழுதாத நாட்கள்தான் பெரும்பாலான திட்டங்களைப் பிந்த வைக்கின்றன.

முதலாவது, பேமண்ட் கேட்வே, அதாவது இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை. வணிகப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம், உரிமையாளரின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் திருப்பிக் கொடுக்கும் விதிமுறை, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பதும் வழமை. உரிமையாளரிடம் ஆவணங்களை வாங்க 3 வேலை நாள், ஒப்புதலுக்கு 15 வேலை நாள் என்று இந்தக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, கூகிள் ப்ளே. 2023 நவெம்பர் 13க்குப் பிறகு திறக்கப்பட்ட தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிட முன் குறைந்தது 12 பேரை வைத்து, இடைவிடாமல் 14 நாட்களுக்கு மூடிய சோதனை (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்தியாக வேண்டும். அதன் பிறகுதான் வெளியிடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பரிசீலனைக்கு ஒரு கிழமை ஒதுக்குங்கள். நிறுவனக் கணக்குக்கு இந்த 14 நாள் நிபந்தனை இல்லை. ஆனால் அதற்கு டன்ஸ் (D-U-N-S) எனும் நிறுவன அடையாள இலக்கம் வேண்டும். அது கிடைக்க 30 நாள் வரை ஆகலாம். சரியாக 12 பேரோடு தொடங்காதீர்கள். நடுவில் ஒருவர் விலகினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். 16 அல்லது 18 பேரைச் சேர்த்து, எல்லோரும் தங்கள் ஜிமெயில் முகவரியில் வந்த அழைப்பை ஏற்றுக்கொண்டார்களா என்று ஒருவர் ஒருவராகப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர்களைக் கேட்டால் இதற்கு ஆள் பஞ்சம் இருக்காது.

மூன்றாவது, உரிமையாளர் தர வேண்டியவை: அறைகளின் படங்கள், கட்டணப் பட்டியல், விதிமுறைகள். கிழக்கில் நவெம்பர் முதல் பெப்ரவரி வரை விடுதிகளில் கூட்டம் குறைவு. உரிமையாளர் அமர்ந்து பேச நேரம் தருவார். சீசன் நெருங்கினால் அவர் பெயின்ட் அடிப்பவரோடும் ஏசி திருத்துபவரோடும் நிற்பார். உங்கள் தொலைபேசி அழைப்புக்குப் பதில் வராது. அவரிடம் வாங்க வேண்டிய அனைத்தையும் அட்டவணையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துவிடுங்கள்.

நாட்களைக் கணிப்பது

எட்டு மணித்தியால வேலை நாளில் ஒருவர் பட்டியலிலுள்ள வேலைக்குக் கொடுக்கக்கூடியது ஐந்து அல்லது ஆறு மணித்தியாலம். மீதி அழைப்புகளுக்கும் மற்றவருக்கு உதவுவதற்கும் பழைய வாடிக்கையாளரின் அவசரத்துக்கும் போய்விடும். இதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு முதற் கிழமையிலேயே பொய்த்துவிடும்.

பழகிய வேலைக்கு ஒரே எண் போதும். முன்பு செய்யாத வேலைக்கு மூன்று எண்கள் கேளுங்கள்: எல்லாம் சரியாகப் போனால் எத்தனை நாள், வழமையாகப் போனால் எத்தனை, எல்லாம் பிழைத்தால் எத்தனை. வழமையானதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அறை நாட்காட்டித் திரைக்கு 2, 4, 12 என்று சொன்னால் 2 + 16 + 12 = 30; ஆறால் வகுத்தால் 5 நாள். இது அமெரிக்கக் கடற்படை 1958 இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய ‘பேர்ட்’ முறையில் வந்தது. கிடைக்கும் எண்ணைவிட, 4க்கும் 12க்கும் இடையிலான அந்தப் பெரிய தூரத்தைக் கவனியுங்கள். அது “எனக்கு இந்த வேலை சரியாகத் தெரியாது” என்று அவர் சொல்லும் செய்தி. அப்படியான வேலையை முன்னுக்குத் தள்ளி, அரை நாள் செலவழித்து முயன்று பார்த்துவிட்டு மறுபடி கணியுங்கள்.

மதிப்பீட்டை அந்த வேலையைச் செய்யப்போகிறவரே சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அவருக்காகச் சொல்லக் கூடாது, பேரம் பேசவும் கூடாது. ஐந்து நாளை மூன்றாகக் குறைத்து எழுதினால் தாளில் இருக்கும் எண் மட்டும்தான் குறையும்.

வரிசையும் நெருக்கடிப் பாதையும்

உடைத்த வேலைகளைக் கூட்டிப் பெரிய தொகுதிகளாகப் பார்த்தால் நம் உதாரணம் இப்படி வரும். எல்லாம் வேலை நாட்கள்.

அ. தேவைகளைக் கேட்டு எழுதி ஒப்புதல் வாங்குதல்: 5
ஆ. திரை வடிவமைப்பு: 6 (அ முடிந்த பின்)
இ. பின்தளமும் தரவுத்தளமும்: 12 (அ முடிந்த பின்)
ஈ. திரைகளை எழுதுதல்: 10 (ஆ முடிந்த பின்)
உ. கேட்வே ஆவணங்களும் ஒப்புதலும்: 3 + 15 = 18
ஊ. கேட்வே இணைப்பு: 4 (இ, உ முடிந்த பின்)
எ. எல்லாவற்றையும் இணைத்து ஓட்டிப் பார்த்தல்: 5 (ஈ, ஊ முடிந்த பின்)
ஏ. டெஸ்டிங்கும் பிழை திருத்தமும்: 8 (எ முடிந்த பின்)
ஐ. விடுதி ஊழியருக்குப் பயிற்சி, அறை விபரங்களை ஏற்றுதல்: 3 (ஏ முடிந்த பின்)
ஒ. ப்ளே மூடிய சோதனை: 14 நாட்காட்டி நாள், அதாவது 10 வேலை நாள் (எ முடிந்த பின்)
ஓ. ப்ளே பரிசீலனை: 5 (ஒ முடிந்த பின்)

கேட்வே ஆவணங்களை முதல் நாளே கேட்கத் தொடங்கினால் உ 18ஆம் நாள் முடியும். இணைப்பு 22ஆம் நாள், ஒன்றுசேர்த்தல் 27, மூடிய சோதனை 37, பரிசீலனை 42. பலர் செய்வது போல, பின்தளம் முடிந்த 17ஆம் நாள்தான் “இனி கேட்வேக்கு விண்ணப்பிப்போம்” என்று தொடங்கினால் உ 35ஆம் நாள்வரை இழுபடும்; கடைசி நாள் 59. யாரும் சோம்பியிருக்கவில்லை, ஒரு வரி கோட்கூடப் பிழைக்கவில்லை. ஆனால் 17 வேலை நாட்கள் போய்விட்டன.

தொடக்கம் முதல் முடிவு வரை உள்ள மிக நீண்ட தொடரை நெருக்கடிப் பாதை என்பார்கள். 1957 இல் டூபொண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து இந்தக் கணக்கை வகுத்தன. அந்தப் பாதையில் உள்ள வேலை ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும். பாதைக்கு வெளியே உள்ளவற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி உண்டு. முதல் நாளே தொடங்கிய 42 நாள் கணக்கில் பாதை உ, ஊ, எ, ஒ, ஓ. அந்த 42 நாளில் 33 நாள் குழு வெளியாருக்காகக் காத்திருக்கும் நாட்கள்.

இங்கேதான் அட்டவணை வேலை செய்யத் தொடங்குகிறது. பெரும்பாலான கேட்வேகள் ‘சாண்ட்பொக்ஸ்’ எனும் சோதனைச் சூழலைத் தருகின்றன. ஒப்புதல் வரும்வரை காத்திராமல், பின்தளம் முடிந்ததும் அதில் இணைப்பை எழுதி முடிக்கலாம். அப்போது ஊ 21ஆம் நாள் முடியும். முழுத் திட்டம் 41. ஒரு நாள்தான் மிச்சம் என்று தோன்றும். உண்மையான இலாபம் வேறு: கேட்வே ஒப்புதல் நெருக்கடிப் பாதையை விட்டே போய்விட்டது. அது இரண்டு கிழமை பிந்தினாலும் முடிவுத் திகதி அசையாது. இனிப் பாதையில் இருப்பது பின்தளத் தொடரும் வடிவமைப்புத் தொடரும்; இரண்டும் 21ஆம் நாளில் சந்திக்கின்றன. அந்த இரண்டையும் கண்காணிப்பது உங்கள் கையில் உள்ள காரியம்.

இன்னொன்று. ப்ளே நிபந்தனை செயலிக்கு மட்டும்தான். டெஸ்டிங்கும் பயிற்சியும் 37ஆம் நாளே முடிகின்றன. கேட்வே ஒப்புதலும் வந்திருந்தால் இணையதளத்தை அன்றே திறந்துவிடலாம். இரண்டையும் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நாட்காட்டி

41 வேலை நாளை மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மாதம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை, தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், மகா சிவராத்திரி. 2026, 2027ஆம் ஆண்டுகளில் நோன்பு மாதம் பெப்ரவரி, மார்ச்சில் வருவதால் நோன்புப் பெருநாளும் இதற்குள் விழும். சில வார இறுதியில் வந்தாலும் ஐந்து நாளைக் கழியுங்கள். குழுவில் நோன்பு பிடிப்பவர் இருந்தால் அந்த மாதம் அவருடைய நாளை ஐந்து மணித்தியாலமாகக் கணித்து, பின்னேரக் கூட்டங்களைக் காலைக்கு மாற்றுங்கள். எதிர்பாராததற்கு எட்டு நாள் மேலதிகமாக வையுங்கள். மொத்தம் 54, ஐந்து நாள் கிழமையாக 11 கிழமை. ஆகவே வேலை ஜனவரி நடுப்பகுதியில், பொங்கலை ஒட்டித் தொடங்கியாக வேண்டும். “பெப்ரவரியில் ஆரம்பிப்போம்” என்று உரிமையாளர் சொன்னால், அன்றே இந்தக் கணக்கைக் காட்டி, செயலியைப் பின்னுக்குத் தள்ளுவதா, மொழிகளைக் குறைப்பதா என்று பேசிவிடுங்கள்.

அந்த எட்டு நாளையும் ஒவ்வொரு வேலைக்குள்ளும் பிரித்து ஒளிக்காதீர்கள். ஒளித்தால் அந்தந்த வேலையே அதைத் தின்றுவிடும். கடைசியில் ஒரே தொகுதியாக, எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். வேலை மழைக்காலத்தில், அதாவது ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நடப்பதென்றால் இன்னும் மூன்று நான்கு நாள் கூட்டுங்கள். மின்சாரமும் இணைய இணைப்பும் துண்டிக்கப்படும் நாட்கள் அப்போதுதான் அதிகம்.

எந்தக் கருவி

நாலு பேருக்கு இரண்டு விடயங்கள் வேண்டும்: நாட்களின் வரிசையைக் கணக்கிடும் ஒன்று, அன்றாட வேலையைக் காட்டும் ஒன்று. வரிசைக்கு கான்ட்ப்ரொஜெக்ட் அல்லது ப்ரொஜெக்ட்லிப்ரே. இரண்டும் இலவசம், கணினியில் நிறுவிக்கொள்ளலாம், இணையம் இல்லாமலும் ஓடும். அன்றாடத்துக்கு ட்ரெல்லோ போதும். கோட் கிட்ஹப்பில் இருந்தால் அங்கேயே உள்ள ப்ரொஜெக்ட்ஸ் பகுதி இன்னும் வசதி. ஜிராவை 10 பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் அமைப்புகளைக் கற்கவே சில நாள் போகும். முதல் திட்டத்துக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஒரே தகவலை இரண்டு கருவிகளில் எழுதாதீர்கள். திகதிகள் ஒன்றில், அன்றாட நிலை மற்றதில். வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவு எதுவானாலும் அன்றே உரிய அட்டைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மூன்று நாளில் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

கான்ட்ப்ரொஜெக்ட்டில் செய்ய வேண்டிய ஒழுங்கு:

1. புதிய கோப்பு திறந்ததும் ப்ரொஜெக்ட் ப்ரொப்பர்டீஸுக்குள் போய் காலண்டரில் வார இறுதியையும் விடுமுறைகளையும் பதியுங்கள். வேலைகளை ஏற்றிய பிறகு இதைச் செய்தால், அவற்றைக் காட்டும் எல்லாப் பட்டைகளும் நகரும். எது ஏன் நகர்ந்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.
2. வேலைகளை எழுதி, திகதியைத் தொடாமல் நாள் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.
3. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மவுஸால் இழுத்து இணையுங்கள். அல்லது வேலையின் ப்ரொப்பர்டீஸில் ப்ரெடிசெஸர்ஸ் (முன்வேலைகள்) பகுதியில் தெரிவு செய்யுங்கள். முதலாவது முடிந்ததும் அடுத்தது தொடங்கும் ‘ஃபினிஷ்-ஸ்டார்ட்’ வகையே பத்தில் ஒன்பது இடங்களுக்குப் போதும்.
4. “தேவைகளுக்கு ஒப்புதல்”, “இணையதளம் திறப்பு”, “செயலி வெளியீடு” ஆகியவற்றை மைல்ஸ்டோன் (முக்கிய கட்டம்) என்று குறியுங்கள்.
5. ஆட்களைச் சேர்த்து வேலைகளுக்குக் கொடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு முழு வேலைகள் விழுந்தால் ரிசோர்ஸ் படத்தில் அந்த நாட்கள் வேறு நிறத்தில் தெரியும்.
6. நெருக்கடிப் பாதையைக் காட்டும் பொத்தானை அழுத்தி, தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் ஓர் இணைப்பு விடுபட்டிருக்கிறது.
7. எல்லோரும் சம்மதித்ததும் பேஸ்லைன் (பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் முதல் அட்டவணையின் பதிவு) ஒன்றைச் சேமியுங்கள்.

ப்ளே சோதனையின் 14 நாளில் ஒரு சிக்கல் உண்டு. அதை 10 வேலை நாள் என்று கொடுத்திருப்பதால், நடுவில் போயா வந்தால் கருவி ஒரு நாளைக் கூட்டும். கூகிளுக்குப் போயா கிடையாது. கையால் ஒரு நாளைக் குறைத்துவிடுங்கள்.

மைக்ரோசொஃப்ட் ப்ரொஜெக்ட் பயன்படுத்துபவர்கள் இரண்டு இடங்களில் அகப்படுவார்கள். 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிய வேலைகள் இயல்பாகவே ‘மனுவலி ஷெடியூல்ட்’ (கையால் நாள் குறிக்கும்) நிலையில் வருகின்றன. முன்வேலை பிந்தினாலும் அவை தாமாக நகராது. திரையின் அடியிலுள்ள பட்டையில் ‘ஓட்டோ ஷெடியூல்ட்’ (தானாக நாள் குறிக்கும்) என்று மாற்றிவிட்டே தொடங்குங்கள். அடுத்தது, தொடக்கத் திகதியை நேரே தட்டச்சுச் செய்வது. அப்படிச் செய்தால் “இந்தத் திகதிக்கு முன் தொடங்கக் கூடாது” என்ற கட்டுப்பாட்டை மென்பொருள் சொல்லாமல் போட்டுவிடும். பிறகு முன்வேலை சீக்கிரம் முடிந்தாலும் அடுத்தது முன்னுக்கு வராது.

ஒவ்வொரு கிழமையும்

திங்கட்கிழமை காலை 20 நிமிடம். ஒவ்வொருவரும் எது முடிந்தது, எது தொடங்கியது, எது தடைப்பட்டு நிற்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். “90 வீதம் முடிந்தது” என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்த மீதிப் பத்து வீதம் இரண்டு கிழமைக்கு நீளும். தொடங்காதது 0, நடப்பது 50, முடிந்த அடையாளம் தெரிவது 100. வேறு எண் வேண்டாம். ட்ரெல்லோவில் “நடக்கிறது” என்ற பட்டியலில் ஒருவருக்கு இரண்டு அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது.

ஒருங்கிணைப்பாளர் அன்றே புதிய நிலையைக் கான்ட்ப்ரொஜெக்ட்டில் ஏற்றி, பேஸ்லைனோடு ஒப்பிட்டு, மேலதிக எட்டு நாளில் எத்தனை செலவாகியிருக்கிறது என்று எழுத வேண்டும். பாதி வேலை முடியும்போது நாலு நாளுக்கு மேல் செலவாகியிருந்தால் உடனே உரிமையாளரிடம் பேசுங்கள். ஆறு கிழமை இருக்கும்போது சொன்னால் அவர் எதை விடலாம் என்று யோசிப்பார்; ஆறு நாள் இருக்கும்போது சொன்னால் கோபிக்க மட்டும்தான் அவரால் முடியும்.

உரிமையாளர் நடுவில் புதிதாக ஒன்று கேட்பார்: திமிங்கிலம் பார்க்கப் போகும் படகையும் இதிலேயே பதியலாமா, புறாமலைப் பயணத்தையும் சேர்க்கலாமா என்று. முடியாது என்றோ சரி என்றோ அந்த இடத்தில் சொல்ல வேண்டாம். வேலையாக உடைத்து, நாள் கணித்து, கோப்பின் ஒரு பிரதியில் ஏற்றிப் பாருங்கள். முடிவுத் திகதி ஏப்ரல் 9க்கு நகர்கிறதென்றால் அந்தப் படத்தை அச்செடுத்து அவர் முன் வையுங்கள். அவரே தெரிவு செய்யட்டும். தெரிவை எழுத்தில் வாங்குங்கள்.

பிந்தும்போது ஆள் சேர்க்கும் யோசனை வரும். பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எழுதினார். நாலு பேருக்கிடையில் பேசிக்கொள்ளும் சோடிகள் 6; ஆறு பேரானால் 15. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் நெருக்கடிப் பாதையில் உள்ள அதே பின்தளக்காரர்தான். ஆகவே புதியவருக்குப் பாதைக்கு வெளியே உள்ள வேலையைக் கொடுங்கள்: மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பு, அறை விபரங்களை ஏற்றுதல், பயிற்சிக் குறிப்பு. டெஸ்டிங் நாட்களை மட்டும் வெட்டாதீர்கள். அங்கே வெட்டிய நாலு நாள், விடுதி நிறைந்திருக்கும் மே மாதத்தில் இரவு அழைப்புகளாகத் திரும்பி வரும்.

வெளியிட்ட பின் இரண்டு கிழமைக்குப் பின்தளக்காரரின் பாதி நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கி வையுங்கள். அந்த நாட்களில் புதிய திட்டம் எதையும் அவர் பெயரில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் கணித்த நாளையும் உண்மையில் பிடித்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு ஷீட்டில் எழுதி, கான்ட்ப்ரொஜெக்ட் கோப்போடு சேர்த்து வையுங்கள். அடுத்த விடுதிக்கு “கேட்வே இணைப்பு எத்தனை நாள்?” என்று கேட்கும்போது திறந்து பார்க்க வேண்டியது அந்த ஷீட்டைத்தான்.